மஞ்சளைத் தேடும் நெருப்பு

அந்தக் காலத்தில் நெருப்புக்குத் தூக்கம் கிடையாது. கோழி பேசியது, காற்று பேசியது, நெருப்பும் பேசியது. மற்றதெல்லாம் பேசிக் களைத்து ஒரு நேரத்தில் அடங்கிவிடும். நெருப்பு அடங்காது. சாம்பலைப் போர்த்திக்கொண்டு கண் மூடலாம் என்பதே அதற்குத் தெரியாது.

இப்போது தூத்துக்குடி என்கிறோமே, அந்தக் கரையில் அப்போது பனையோலைக் குடிசைகளும் ஒரே ஒரு ரொட்டி அடுப்பும்தான் இருந்தன. செங்கல்லால் கட்டி, மேலே வளைத்து மூடி, முன்னால் இரும்புக் கதவு வைத்த அடுப்பு. ஓர் ஆள் குனிந்தால் உள்ளே போய்விடலாம், அத்தனை பெரிது. கப்பல்காரர்களுக்காகக் கல் மாதிரி காய்ந்த ரொட்டி அதில் வெந்துகொண்டே இருக்கும். இனிப்பு என்று ஒன்று அந்த வாய்க்குள்ளிருந்து வெளியே வந்ததே இல்லை.

முட்டையின் வெள்ளைக் கருவில் செய்கிற மக்ரூன் என்ற இனிப்பைக் கப்பல் சமையல்காரன் எவனோ கற்றுக்கொடுத்தான், நம்மூர்ப் பெண்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. சீனி கப்பலில் வந்தது, முந்திரியும் எங்கிருந்தோ வந்தது, நான் மறுக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மக்ரூன் போடுகிறவர்கள் முட்டையின் மஞ்சள் கருவை ஏன் அடுப்புப் பக்கமே அண்ட விடுவதில்லை? சமையல்காரன் கதையில் அதற்குப் பதில் இல்லை. இந்தக் கதையில் இருக்கிறது.

அடுப்பு எஸ்தாக்கியுடையது. ஊருக்குத் தலைவரும் அவர்தான். அங்கே மாவு பிசைந்தவள் சவரியாயி, எஸ்தாக்கியின் தம்பி மனைவி. சங்கு குளிக்கப் போன தம்பி மேலே வரவில்லை. அவன் விட்டுப்போன பிள்ளை அவள் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தது. குனிந்து மாவு பிசையும்போது அது உதைக்கும். அவள் ஒரு கையை மாவிலிருந்து எடுத்து வயிற்றில் வைத்துக்கொள்வாள். அதனால் அவள் சேலையில் அந்த இடத்தில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைத்தடம் இருக்கும்.

எல்லாம் எஸ்தாக்கியின் ஒரு சோம்பலில் ஆரம்பித்தது. ஒருநாள் விறகுக் குவியலில் கோழி இட்டு அடைகாத்திருந்த முட்டை ஒன்று உருண்டு உடைந்தது. அதை அள்ளி வெளியே கொண்டுபோய்ப் போட அவருக்கு உடம்பு வளையவில்லை. ரொட்டி தள்ளுகிற துடுப்புக் கட்டையால் அப்படியே அடுப்புக்குள் தள்ளிவிட்டார்.

உள்ளே சடசடப்பு நின்றது. என்றைக்கும் நிற்காத சடசடப்பு.

"எஸ்தாக்கி, இப்ப என்ன போட்ட?" என்று நெருப்பு கேட்டது. மெதுவாகத்தான் கேட்டது.

"ஒண்ணுமில்ல. உடைஞ்ச முட்டை."

"வெள்ளையா இருந்தது வெறும் தண்ணி. உள்ள மஞ்சளா ஒண்ணு இருந்துதே. அது துடிச்சுது." நெருப்பு கதவிடுக்கு வழியாக நாக்கை நீட்டி வாயைத் துடைத்துக்கொண்டது. "இன்னும் கொண்டா."

அவர் கொண்டுவரவில்லை. மறுநாள் ரொட்டி எல்லாம் பச்சையாகக் கிடந்தது. அதற்கு மறுநாள் நெருப்பு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கீழவரிசையில் இரண்டு குடிசை. ஆட்கள் கடலுக்குள் ஓடிப்போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்று பார்த்தார்கள். தின்று முடித்துவிட்டு அது தானாகவே அடுப்புக்குள் திரும்பிப் போனது. போகிற வழியில் மணலில் ஒரு கருப்புக் கோடு.

ஊர் கூடியது. எஸ்தாக்கி எழுந்து முறை வைத்தார். தினம் ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு அடை முட்டை, உள்ளே குஞ்சு துடிக்கிறதாக. நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று மாதம் முறை சுற்றியது. எஸ்தாக்கி வீட்டுக்கு மட்டும் அது வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? திறக்கவில்லை. நெருப்புக்குப் பயந்ததில் பாதி அவருக்குப் பயந்தார்கள்.

மூன்று மாதத்தில் கரையில் ஒரு குஞ்சு பொரியவில்லை. விடியலில் கூவ ஒரு சேவல் இல்லை. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. சில கோழிகள் தாங்களாகவே கடலைப் பார்த்து நடந்துபோனதாகச் சொல்வார்கள். கடைசியில் செம்பி என்ற சிவப்புக் கோழி மட்டும் மிஞ்சியது. அதுவும் எங்கே அடைகாக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சவரியாயிக்கு ஏழாவது மாதம் நடந்தபோது, ஒரு வியாழக்கிழமை முட்டை இல்லாமல் போனது. சவரியாயி ரொட்டித் தட்டை உள்ளே தள்ளக் குனிந்தாள். அவள் முகத்துக்கு நேராக நெருப்பு வந்து நின்றது.

"சவரியாயி."

அதுவரை அது அவள் பெயரைச் சொன்னதில்லை.

"உன் சேலையில வெள்ளையா ஒரு கை இருக்கே. அதுக்குப் பின்னால யாரு?"

அவள் தட்டால் வயிற்றை மறைத்தாள்.

"துடிக்குது. இங்கிருந்தே கேக்கு எனக்கு. அதுவும் உள்ள மஞ்சளாத்தான் இருக்குமா?"

அவள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் அது கத்தவில்லை, துரத்தவில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கேன்," என்று மட்டும் சொன்னது.

ஊர் மறுபடி கூடியது.

"அத்தான், அது என் பிள்ளையைக் கேக்கு," என்றாள் சவரியாயி.

எஸ்தாக்கி அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "நம்ம என்னட்டி செய்ய? ஊர்ல நூறு தலை இருக்கு. உன் வயித்துல இருக்கிறது இன்னும் தலையே காட்டல. பிறக்காத பிள்ளையை ஆளுன்னு சொல்ல முடியுமா?"

"உங்க தம்பி பிள்ளை அது."

"அதுக்குத்தானே மனசு கெடந்து அடிக்குது. இல்லன்னா நேத்தே சொல்லியிருப்பேன்."

"பிறக்காத பிள்ளை ஆளு இல்லன்னா பிறக்காத குஞ்சு மட்டும் எப்படி முட்டைக் கணக்குல வந்தது? உங்க வீட்டு முறை எப்ப வரும்? அதைச் சொல்லிட்டு என் வயித்தைப் பத்திப் பேசுங்க!"

யாரோ இருமினார்கள். அந்தக் கேள்வி மூன்று மாதம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. எஸ்தாக்கி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பு வாசல்ல நீ நிக்கணும். ஊர்த் தீர்ப்பு."

ஊர்த் தீர்ப்பாம். ஒரு ஆள் சொன்னது, மற்றவர்கள் இருமியது.

சவரியாயி கடற்கரைக்குப் போய்க் கிழிந்த வலைக் குவியல் மேல் உட்கார்ந்தாள். அழ ஆரம்பிப்பதற்குள் அடியிலிருந்து ஒரு குரல் சீறியது.

"எந்திரிட்டி! ஆனை மாதிரி மேல வந்து உக்காருதா. என் பிள்ளைங்க நசுங்கிறப் போவுது!"

வலையை விலக்கிப் பார்த்தாள். செம்பி. அதன் வயிற்றுக்கடியில் ஒன்பது முட்டை.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சவரியாயியின் கை அந்த முட்டைகளை நோக்கிப் போனது. ஒன்பது முட்டை என்றால் ஒன்பது நாள். செம்பி கொத்தவில்லை. அவள் கையைப் பார்த்தது, அவள் வயிற்றைப் பார்த்தது. "எடு," என்றது. "எடுத்துட்டுப் போ. பத்தாவது நாள் உன்கிட்ட யாரு வருவான்னு நினைச்சுட்டு எடு."

சவரியாயி கையை இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியும்," என்றது செம்பி. "மஞ்சள். வெள்ளையை அது மதிக்காது."

"மஞ்சள் இல்லாத முட்டையை அதுக்குக் குடுத்தா?"

"துப்பும்."

"இருக்குன்னு நம்ப வச்சா?"

செம்பி கழுத்தைச் சாய்த்து யோசித்தது. பிறகு நான்கு முட்டைகளை அலகால் மெல்ல உருட்டி வெளியே தள்ளியது. "இந்த நாலும் கூமுட்டை. ஒன்பது நாளா உக்காந்திருக்கேன், உள்ள சத்தமே இல்ல. எனக்குத் தெரியும், ஆனாலும் விட மனசு வரல. மத்த அஞ்சும் துடிக்குது. நாலை எடுத்துக்க. ஆனா ஒண்ணு, என் மஞ்சளை அது கண்ணுல காட்டக் கூடாது. உடைச்ச உடனே கடல் தண்ணியில முக்கி மண்ணுல புதைச்சு வை. சத்தியம் பண்ணு."

சவரியாயி வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் முட்டை. வெள்ளையை மட்டும் வடித்துத் தேங்காய்த் துருவலில் பிசைந்து, அடை மாதிரித் தட்டி உள்ளே விட்டாள். நெருப்பு ஒரே வாயில் கருக்கிவிட்டது. "கசக்குது. மஞ்சள் எங்க?" என்று அவள் முழங்கையில் ஒரு நக்கு நக்கியது. தோல் உரிந்து தொங்கியது. அவள் கத்தாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டாவது. இந்த முறை கருப்பட்டிப் பாகு சேர்த்தாள். தென்னை ஈர்க்குகளைக் கட்டி வெள்ளையை அடித்தாள். அடிக்க அடிக்க நுரை வர வேண்டும். வரவில்லை, சளி மாதிரி கிடந்தது. குனிந்து பார்த்தாள். உடைக்கும்போது ஒரு துளி மஞ்சள் விழுந்திருந்தது. கடுகளவு.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. திரும்பினாள். நெருப்பு அடுப்பைவிட்டு இறங்கி, தரையோடு தரையாக, பாம்பு மாதிரி ஒரு கோடாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓசையே இல்லை. அந்தக் கடுகளவு வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவள் சேலைத் தலைப்பு வரை வந்துவிட்டது. கிண்ணத்தைத் தூக்கித் தண்ணீர்ப் பானைக்குள் போட்டாள். வாசனை அறுந்தது. நெருப்பு நின்றது, அவளை அண்ணாந்து பார்த்தது.

"மஞ்சள் வாசம் வந்துதே."

"நாளைக்கு," என்றாள் அவள். குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்கு நிறைய."

சனிக்கிழமை. எஸ்தாக்கி வீட்டில், கப்பல் தலைவர்களுக்கென்று பூட்டி வைத்திருந்த சீனியில் ஒரு பானை எடுத்தாள். முந்திரியும் எடுத்தாள். கேட்டு எடுக்கவில்லை. திருட்டா என்றால் திருட்டுதான். அந்த வீட்டு முறை மூன்று மாதமாக வரவில்லையே, அன்றைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலைக் குவியலில் அடைகாத்த செம்பி பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இரண்டு முட்டைகளை மூச்சை அடக்கிக்கொண்டு உடைத்தாள். மஞ்சளை ஓட்டிலிருந்து ஓட்டுக்கு மாற்றி மாற்றி வெள்ளையை வடித்தாள். பேசினால் கை நடுங்கும் என்று செம்பிகூட வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு மஞ்சளும், முந்தின நாள் மணலுக்குள் புதைத்த கடல் தண்ணீர்ச் சட்டியில் மற்ற இரண்டோடு சேர்ந்தன. பிறகு அடித்தாள். பிள்ளை உள்ளே உதைத்தது, இவள் வெளியே அடித்தாள். வெள்ளை நுரைத்தது, பொங்கியது, சீனி விழ விழ மினுங்கியது. கடைசியில் கிண்ணத்தைத் தன் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தாள். நுரை விழுந்தால் இன்னும் கெட்டியாகவில்லை, எல்லாம் போச்சு. விழவில்லை.

முந்திரியைப் பொடித்துக் கலந்தாள். ஓலையைக் கூம்பாகச் சுருட்டி அதில் அடைத்து, தட்டில் குட்டிக் குட்டியாகப் பிழிந்து விட்டாள். ஒவ்வொன்றையும் விட்டுக் கையை மேலே இழுக்கும்போது உச்சியில் ஒரு கூர் வந்தது.

செம்பி எட்டிப் பார்த்தது. அதன் இறகு சிலிர்த்தது. "ஐயோ, ஓட்டை உடைச்சுட்டு குஞ்சு அலகை நீட்டுத மாதிரியே இருக்குட்டி!"

இரண்டு முட்டையிலிருந்து நாற்பது குஞ்சு.

மத்தியான ரொட்டி வெந்து இறங்கியிருந்தது. விறகு தீர்ந்து தணல் மட்டும் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடந்தது. விறகைத் தின்ற மயக்கத்தில் நெருப்பு அந்த ஒரு நேரம்தான் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். சவரியாயி தட்டை உள்ளே வைத்தாள். கையை வெளியே எடுக்கவில்லை.

"எல்லாத்திலயும் அலகு இருக்கே," என்றது நெருப்பு. எழுந்து நின்றது.

"ஆமா. உயிரோட இருக்கு."

"மஞ்சள் எங்க?"

"ரொம்ப உள்ள. நேத்து மாதிரி அவசரப்பட்டா கருகிரும், கசக்கும், மஞ்சளும் போயிரும். மெதுவாப் போ. உள்ள நுழைஞ்சு தேடு."

நெருப்பு அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தது. அவள் புருவ மயிர் சுருண்டது. அவள் கண்ணை மூடவில்லை.

பிறகு அது குனிந்து, முதல் கூம்புக்குள் மெல்ல நுழைந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அது தேடியது. நுரைக்குள் ஒரு அறை, அதற்குள் ஒரு அறை, எல்லாம் காலி. இன்னும் உள்ளே இருக்கும் என்று போனது. ஒன்றில் இல்லை என்றால் அடுத்ததில். போகப்போகச் சீனி அதன் நாக்கில் ஒட்டியது. அது வாழ்நாளில் இனிப்பு தின்றதில்லை. சடசடப்பு குறைந்து முணுமுணுப்பானது. முணுமுணுப்பு மூச்சானது. உலகத்தில் முதன்முறையாக நெருப்பு கண் அயர்ந்தது.

வெளியே ஊரே நின்றது. ஒரு குழந்தையும் அழவில்லை. சவரியாயி கதவில் காது வைத்திருந்தாள். வெயில் இறங்கியது.

எஸ்தாக்கியால் தாங்க முடியவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அன்றைக்கு அவர் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை, பயத்தில் செய்தார். வெள்ளையை மட்டும் கொடுத்து ஏமாற்றினால், முழித்ததும் அது ஊரையே தின்னும் என்று நினைத்தார். அவள் மணலில் புதைத்ததை அவர் பார்த்திருந்தார். தோண்டினார். சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வேண்டாம் அத்தான்," என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நம்ம வீட்டு முறை," என்றார் அவர். "நான் குடுத்துருதேன். எல்லாம் சரியாப் போயிரும்." கதவைத் திறந்தார்.

நெருப்பு கண்ணைத் திறந்தது.

முதலில் சட்டி போனது. பிறகு சட்டியைப் பிடித்திருந்த கை. எஸ்தாக்கி போட்ட சத்தத்தை அந்தக் கரை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நான்கு மஞ்சளும் நாக்கில் பட்டதும் அடுப்பு நிறைய எழுந்தது, கதவு நிறைய எழுந்தது, வாசலைத் தாண்டிக் கழுத்தை நீட்டியது. ஆட்கள் கடலை நோக்கி ஓடினார்கள். சவரியாயி ஓடவில்லை. ஏழு மாத வயிற்றோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்?

"பொய் சொன்னே," என்றது நெருப்பு. "மஞ்சள் வெளிய இருந்தது."

"இது கூமுட்டை மஞ்சள்," என்றாள் அவள். "இது துடிச்சுதா? சொல்லு. துடிச்சுதா?"

நெருப்பு யோசித்தது. சப்புக்கொட்டிப் பார்த்தது. "இல்ல."

"துடிக்கிறது உள்ளதான் இருக்கு. எத்தனை தேடின?"

"முப்பத்தொன்பது."

"நாற்பதாவது?"

நெருப்பு திரும்பிப் பார்த்தது. தட்டின் மூலையில் கடைசிக் கூம்பு வெள்ளையாக, அலகை நீட்டிக்கொண்டு இருந்தது.

"அதைத் தேடுறதுக்குள்ள தூக்கம் வந்துட்டு," என்றது நெருப்பு. குரலில் ஒரு சின்ன வெட்கம்கூட இருந்தது.

"அப்ப என்கிட்ட ஏன் சண்டைக்கு வார? போய்த் தேடு. நீ வெளிய நிக்க நிக்க அது பறந்துரும்."

நெருப்பு அவள் வயிற்றைப் பார்த்தது. நாற்பதாவதைப் பார்த்தது. பேராசை பிடித்தவர்களுக்கு எப்போதும் கையிலிருப்பதைவிட மிச்சமிருப்பதுதான் பெரிதாகத் தெரியும். அது கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் இரண்டு கையாலும் கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். முதுகு கொப்பளித்தது. உள்ளே முணுமுணுப்பு மூச்சாவது வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் திறந்தபோது நெருப்பு சாம்பலைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. தட்டில் நாற்பதும் காய்ந்து, தொட்டால் கலகலவென்று, வாயில் வைத்தால் கரைந்துபோகிற மாதிரி இருந்தன. செம்பிக்கு ஐந்து குஞ்சு பொரிந்தது. இரண்டு மாதம் கழித்துச் சவரியாயிக்குப் பெண் பிறந்தது. எஸ்தாக்கி மிச்சமிருந்த ஒரு கையால் அந்தப் பிள்ளையைத் தூக்க வந்தார். சவரியாயி கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்துதான் மக்ரூனை எரிகிற அடுப்பில் வைப்பதில்லை, ரொட்டி வெந்து அடங்கிய அடுப்பில் வைத்து அதன்பாட்டுக்கு விட்டுவிடுகிறார்கள். அதன் உச்சியில் அலகு மாதிரி ஒரு கூர் இருப்பதும் அன்றிலிருந்துதான். ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்ளே சின்னச் சின்ன அறைகள், எல்லாம் காலி. நெருப்பு நுழைந்து தேடிப்போன வழி அது. நாற்பதாவதிலும் இல்லை என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் வெள்ளைக் கருவில் கடுகளவு மஞ்சள் விழுந்துவிட்டால், ஐயோ வீணாகிறதே என்றுகூடப் பார்க்காமல், அந்தக் கிண்ணத்தை அடுப்புக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறார்கள்.